ஒரு பதின்மூன்று இலக்க எண் பிறந்த கதை

67,46,32,83,88,800.

வாய்விட்டுச் சொன்னால், ஆறு லட்சத்து எழுபத்து நாலாயிரத்து அறுநூற்று முப்பத்திரண்டு கோடியே எண்பத்து மூன்று லட்சத்து எண்பத்தெட்டாயிரத்து எண்ணூறு. ஏதோ பட்ஜெட் தொகை என்று தோன்றும். இது 1915-ஆம் ஆண்டு லண்டனில் அச்சான ஒரு கணிதக் கட்டுரையில், ஒரு நீண்ட பட்டியலின் கடைசி எண். எழுதியவர் ஈரோட்டில் பிறந்து கும்பகோணத்தில் வளர்ந்த சீனிவாச ராமானுஜன்.

ராமானுஜன் என்றதும் எல்லோருக்கும் 1729 ஞாபகம் வந்துவிடும். ஆஸ்பத்திரியில் படுத்திருந்தவரைப் பார்க்க வந்த ஆங்கிலேயக் கணிதர் ஹார்டி தன் டாக்சியின் எண்ணைச் சொன்னார். படுத்திருந்தவர் அதன் சிறப்பைச் சட்டென்று சொல்லிவிட்டார். கேட்க நன்றாக இருக்கும் கதைதான். ஆனால் அதில் ராமானுஜன் உழைப்பதை நாம் பார்ப்பதில்லை. விடை தயாராக வந்து விழுகிறது. அவர் உட்கார்ந்து கணக்குப் போட்டதைப் பார்க்க வேண்டுமானால் இந்தப் பதின்மூன்று இலக்க எண் எப்படிப் பிறந்தது என்று பார்க்க வேண்டும்.

அப்படி என்ன விசேஷம்?

இந்த எண்ணை 1 முதல் 28 வரை எந்த எண்ணால் வகுத்தாலும் மீதி வராது. முதல் தடங்கல் 29-இல்தான். 29-ஐத் தாண்டினால் 30 மறுபடி வகுக்கும், 32 வகுக்கும், 33 வகுக்கும். இப்படி மீதியின்றி வகுக்கும் எண்களை, அதாவது வகுத்திகளை, ஒன்று விடாமல் எண்ணினால் 10,080 வரும். ஒரு வாரத்துக்கு எத்தனை நிமிடம் என்று பாருங்கள்: 7 × 24 × 60. அதுவும் 10,080. நிமிடத்துக்கு ஒரு வகுத்தியாக இரவும் பகலும் சொல்லிக்கொண்டே இருந்தாலும் முழுதாக ஒரு வாரம் ஆகும்.

இதைவிடப் பெரிய எண்களில் இதைவிட அதிக வகுத்திகள் இருப்பது அதிசயமில்லை. சிறப்பு என்னவென்றால், இதற்குக் கீழே உள்ள கோடானுகோடி எண்களில் ஒன்றுக்குக்கூட இத்தனை வகுத்திகள் கிடையாது. தனக்குக் கீழே உள்ள எல்லா எண்களையும் வகுத்திக் கணக்கில் தோற்கடிக்கும் எண்ணை உயர் பகு எண் என்கிறார்கள். அந்த வகையை முதன்முதலில் முறையாக ஆராய்ந்தவர் ராமானுஜன்.

டஜன் கணக்கு

இதெல்லாம் பெரிய இடத்துச் சமாச்சாரம் என்று ஒதுக்க வேண்டாம். ராஜபாளையத்துக்குத் தெற்கே செட்டியார்பட்டி, தளவாய்புரம் வட்டாரத்தில் நைட்டி தைப்பது பெரிய தொழில். ஜவுளி மொத்த வியாபாரத்தில் சரக்கு டஜன் கணக்கில் பேசப்படுவதை இந்தப் பக்கத்துப் பிள்ளைகள் கேட்டே வளர்கிறார்கள். நம் கையில் இருப்பது பத்து விரல். எழுதும் எண்முறையும் பத்தை அடியாகக் கொண்டது. பிறகு ஏன் பன்னிரண்டு?

பத்து பீஸ் கொண்ட ஒரு கட்டை இரண்டு கடைக்குப் பிரிக்கலாம், ஐந்து கடைக்குப் பிரிக்கலாம். மூன்று கடைக்குப் பிரித்தால் ஒன்று மிஞ்சும், நான்கு கடைக்கென்றால் இரண்டு மிஞ்சும். பன்னிரண்டு பீஸ் இருந்தால் இரண்டு, மூன்று, நான்கு, ஆறு என்று எப்படிக் கேட்டாலும் சண்டையில்லாமல் பிரியும். பத்துக்கு நான்கு வகுத்திகள், பன்னிரண்டுக்கு ஆறு. பன்னிரண்டுக்குக் கீழே எந்த எண்ணுக்கும் ஆறு வகுத்திகள் கிடையாது. ஆகவே டஜன் ஓர் உயர் பகு எண்.

நாளுக்கு 24 மணி, மணிக்கு 60 நிமிடம், வட்டத்துக்கு 360 பாகை என்று பிரித்தவர்களும் இந்த வசதியைத்தான் அனுபவித்தார்கள். நம் பழைய கணக்கில் நாளுக்கு 60 நாழிகை, ஆண்டு வட்டத்துக்கு 60 ஆண்டுகள். இந்த 24, 60, 360 மூன்றும் ராமானுஜன் பட்டியலில் இருக்கின்றன. ஆனால் தமிழ்ப் பின்னக் கணக்கு வேறு வழியில் போயிற்று. அரை, கால், அரைக்கால், மாகாணி, மா, காணி என்று இறங்கி முந்திரியில் ஒன்றை 320 கூறாக்கினார்கள். 320 என்பது 2-ஆலும் 5-ஆலும் மட்டும் கட்டிய எண். அதனால் பாதியும் காலும் ஐந்தில் ஒன்றும் அழகாக அமைந்தன; மூன்றில் ஒரு பங்கு மட்டும் முந்திரிக் கணக்கில் முழுதாக அடங்காது.

பட்டியல் இப்படித் தொடங்குகிறது: 2, 4, 6, 12, 24, 36, 48, 60, 120, 180, 240, 360, 720, 840, 1260, 1680, 2520, 5040. இதில் பத்தும் இல்லை, நூறும் இல்லை. நூறுக்கு 9 வகுத்திகள்தான். அதைவிடச் சிறிய 60-க்கு 12. கடைசியாகச் சொன்ன 5040-ஐ ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கிரேக்கத்துப் பிளேட்டோ தன் முதுமைக் கால நூலான 'சட்டங்கள்' என்பதில், ஒரு நல்ல நகரத்தில் 5040 குடும்பத் தலைவர்கள் இருக்க வேண்டும் என்று எழுதினார். நிலத்தைப் பங்கிடவும், வரி வாங்கவும், படை திரட்டவும் வசதி என்பது அவர் காரணம். 1 முதல் 10 வரை எல்லா எண்ணும் 5040-ஐ வகுக்கும்.

வகுத்தியை எண்ணும் வழி

10,080 வகுத்திகளை ஒவ்வொன்றாக எழுதிப் பார்த்தா எண்ணினார்கள்? தேவையில்லை. எந்த எண்ணையும் பகா எண்களின் பெருக்கமாக உடைக்கலாம். 12 என்பது 2 × 2 × 3. இதன் வகுத்தி ஒன்றைக் கட்ட வேண்டுமானால் 2-ஐ எடுக்காமல் விடலாம், ஒரு முறை எடுக்கலாம், இரண்டு முறை எடுக்கலாம்; ஆக மூன்று வழி. 3-ஐ விடலாம் அல்லது எடுக்கலாம்; இரண்டு வழி. மூன்றை இரண்டால் பெருக்கினால் ஆறு வகுத்திகள். ஒரு பகா எண் எத்தனை முறை வருகிறதோ அதோடு ஒன்றைக் கூட்டு. அப்படி வரும் எண்களையெல்லாம் பெருக்கு. விதி அவ்வளவுதான்.

நம் எண்ணை உடைத்தால் இப்படி வரும்:

2×2×2×2×2×2 × 3×3×3×3 × 5×5 × 7×7 × 11 × 13 × 17 × 19 × 23

2 ஆறு முறை வருகிறது, அதனால் ஏழு வழி. 3 நான்கு முறை, ஐந்து வழி. 5-க்கும் 7-க்கும் மும்மூன்று வழி. 11, 13, 17, 19, 23 ஐந்துக்கும் இரண்டிரண்டு வழி. 7 × 5 × 3 × 3 = 315. ஐந்து இரண்டுகளைப் பெருக்கினால் 32. 315 × 32 = 10,080. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை பத்து நிமிடத்தில் சரிபார்த்துவிடலாம்.

சரிபார்ப்பது சுலபம். இதற்குக் கீழே எதுவும் இதை வெல்லவில்லை என்று உறுதி செய்வதுதான் கஷ்டம். அங்கேதான் ராமானுஜனின் வேலை தொடங்குகிறது.

துறைமுக அலுவலகத்திலிருந்து டிரினிட்டிக்கு

கல்லூரியில் கணக்கைத் தவிர மற்ற பாடங்களில் தவறி, எஃப்.ஏ. தேர்வில் தேறாமல், பட்டம் இல்லாமல் நின்றவர் ராமானுஜன். 1912-இல் சென்னைத் துறைமுகப் பொறுப்புக் கழகத்தில் மாதம் 30 ரூபாய்ச் சம்பளத்தில் குமாஸ்தாவானார். 1913 ஜனவரியில் கேம்பிரிட்ஜில் இருந்த ஹார்டிக்கு அவர் எழுதிய கடிதமும் அதன் பின்விளைவும் ஊரறிந்தவை. 1914 மார்ச் 17-இல் சென்னையில் கப்பல் ஏறினார். ஏப்ரலில் இங்கிலாந்தில் இறங்கினார். ஆகஸ்டில் முதல் உலகப் போர் மூண்டது. ஹார்டியின் சகாவான லிட்டில்வுட் பீரங்கிப் படைக்குப் போனார். கேம்பிரிட்ஜ் டிரினிட்டி கல்லூரியின் முற்றம் ஒன்று காயம்பட்ட சிப்பாய்களுக்கு ஆஸ்பத்திரியானது. மாணவர்கள் குறைந்து, வகுப்புகள் வெறிச்சோடிய அந்த மாதங்களில் ராமானுஜன் வகுத்திகளை எண்ணிக்கொண்டிருந்தார்.

அதன் பலன் லண்டன் கணிதச் சங்க இதழின் பதினான்காம் தொகுதியில் 1915-இல் வெளிவந்தது: 63 பக்கக் கட்டுரை. அவர் வாழ்நாளில் வெளியிட்டவற்றில் மிக நீளமானவற்றில் ஒன்று. அதிலுள்ள பட்டியலில் 102 எண்கள். 2-இல் தொடங்கி 67,46,32,83,88,800-இல் முடிகிறது.

எண் உருவான விதம்

ஒவ்வோர் எண்ணாக 1 முதல் ஆறேமுக்கால் லட்சம் கோடி வரை பார்த்துக்கொண்டு போவது மனித ஆயுளில் ஆகாத காரியம். ஆகவே எந்த எண்களைப் பார்க்கவே வேண்டாம் என்று முதலில் தீர்மானிக்க வேண்டும். ராமானுஜன் அதற்கான விதிகளை ஒன்றன்பின் ஒன்றாக நிறுவினார்.

முதல் விதி எளியது. சிறிய பகா எண்ணுக்கு அதிக இடம் கொடு. 12-க்கும் 18-க்கும் ஆறாறு வகுத்திகள்தான். ஆனால் 12-இல் 2 இரு முறை வருகிறது, 18-இல் 3 இரு முறை வருகிறது. அதனால் 12 சிறியது, அது ஜெயிக்கும். ஆகவே உயர் பகு எண்ணில் 2 வரும் தடவைகள் 3 வரும் தடவைகளுக்குக் குறையாது, 3 வருவது 5 வருவதற்குக் குறையாது. இப்படியே இறங்கிக்கொண்டு போகும். நம் எண்ணில் 6, 4, 2, 2, 1, 1, 1, 1, 1. இடையில் எந்தப் பகா எண்ணையும் தாண்டிக் குதிக்கவும் கூடாது.

இரண்டாவது விதி: கடைசிப் பகா எண் ஒரு முறைதான் வரும். இதற்கு விலக்கு 4, 36 என்ற இரண்டே எண்கள். மூன்றாவதாக, கடைசிப் பகா எண் எது என்று தெரிந்தால் அதற்கு முன்னுள்ளவை எத்தனை எத்தனை முறை வரலாம் என்பதற்கு மேலெல்லை கீழெல்லை போட்டார். இதனால் தேட வேண்டிய எண்களின் கூட்டம் மளமளவென்று சுருங்கியது.

இருந்தாலும் தேடல் மிஞ்சும். 23-ஐச் சேர்க்கலாமா, வேண்டாமா? சேர்த்தால் எண் 23 மடங்காகும். வகுத்திகள் இரண்டு மடங்காகும். அவ்வளவு விலை கொடுப்பதற்குப் பதில் 2-ஐ இன்னும் நான்கு முறை பெருக்கினால் 16 மடங்கோடு முடியுமே? கணக்குப் போட்டால் 46,93,09,80,09,600 வரும். அதன் வகுத்திகள் 7,920. எண்ணில் சிக்கனம் உண்டு, வகுத்தியில் 2,160 நஷ்டம். 23 வேண்டும்.

நம் எண்ணுக்கு முந்தின வரியில் இருப்பது 44,97,55,22,59,200. அதில் 2 ஏழு முறை, 3 மூன்று முறை, மற்றவை அப்படியே. ஒரு 2-ஐக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் ஒரு 3-ஐப் போடுங்கள். எண் ஒன்றரை மடங்காகும். முன்பு 2-ஆலும் 3-ஆலும் கிடைத்த வழிகள் 8 × 4 = 32; இப்போது 7 × 5 = 35. வகுத்திகள் 9,216-இலிருந்து 10,080-க்கு ஏறிவிடுகின்றன. பட்டியலின் கடைசி எண் அதன் முந்தின எண்ணிலிருந்து இந்த ஒரே மாற்றத்தில் பிறந்துவிடுகிறது.

ஆனால் இந்த மாற்றம்தான் அடுத்தது, இடையில் வேறு எதுவும் புகுந்துவிடவில்லை என்று எப்படித் தெரியும்? மற்ற மாற்றங்களையெல்லாம் போட்டுப் பார்த்தால்தான் தெரியும். ஓர் உயர் பகு எண்ணிலிருந்து அடுத்ததற்குப் போக, போட்டுப் பார்ப்பதைத் தவிர வேறு வழி தனக்குத் தெரியவில்லை என்று ராமானுஜனே அந்தக் கட்டுரையில் ஒப்புக்கொள்கிறார். சூத்திரங்களைக் கொட்டிய மனிதர், இந்த இடத்தில் சூத்திரம் இல்லாமல் கையால் கணக்குப் போட்டிருக்கிறார். கணக்குப் பொறி இல்லை, உதவிக்கு ஆள் இல்லை. பன்னிரண்டு, பதின்மூன்று இலக்கப் பெருக்கல்கள். நூற்றுச் சொச்சம் படிகள்.

விடுபட்ட எண்

அந்தப் பட்டியலில் ஓர் எண் விடுபட்டிருக்கிறது.

அது 2,93,31,86,25,600. வகுத்திகள் 5,040. இது வர வேண்டிய இடத்துக்கு முன்னால் 4,800 வகுத்திகளோடு 2,40,94,02,99,600 இருக்கிறது. பின்னால் 5,376 வகுத்திகளோடு 3,21,25,37,32,800 இருக்கிறது. நடுவில் இருக்க வேண்டியது இல்லை.

அக்கம்பக்கத்தைப் பார்த்தால் இது எப்படிப்பட்ட இடம் என்று தெரியும். முன்னால் இருப்பதும் பின்னால் இருப்பதும் 23 வரை போகிற எண்கள். 7 அவற்றில் ஒரு முறைதான். விடுபட்டது 19-ஓடு நின்றுவிடுகிற எண். ஆனால் 7 இரண்டு முறை. கடைசிப் பகா எண் 23-க்கு ஏறியபின், இந்த இடத்தில் 19-க்கு இறங்கி, மீண்டும் 23-க்கு ஏறுகிறது. மேலே ஏறிப்போய்க்கொண்டிருப்பவர் திரும்பிக் கீழே பார்த்தால்தான் இது கண்ணில் படும்.

இன்னொரு பொருத்தம் உண்டு. விடுபட்ட எண்ணை 23-ஆல் பெருக்குங்கள். 67,46,32,83,88,800 வரும். பட்டியலின் கடைசி எண்ணை 23-ஆல் வகுத்திருந்தால் போதும், நழுவிய எண் கைக்கு வந்திருக்கும்.

நழுவியது சாதாரண எண்ணும் இல்லை. அதன் வகுத்திகள் 5,040. அது பிளேட்டோவின் எண். அதுவே ஓர் உயர் பகு எண். 5040-க்கு வகுத்திகள் 60. அதுவும் உயர் பகு எண். 60-க்கு 12, 12-க்கு 6, 6-க்கு 4. வரிசையாக எல்லாமே பட்டியலில் உள்ளவை. நம் கதாநாயகனான கடைசி எண்ணுக்குக்கூட இந்தப் பாக்கியம் இல்லை. அதன் வகுத்திகளின் எண்ணிக்கையான 10,080 உயர் பகு எண்தான். ஆனால் 10,080-க்கு வகுத்திகள் 72. 72 பட்டியலில் சேராது. 60-க்கு இருக்கும் அதே 12 வகுத்திகள்தான் அதற்கும்.

அச்சேறாத பாதி

கட்டுரை முழுதாக அச்சாகவில்லை. போர்க்காலத்தில் லண்டன் கணிதச் சங்கத்துக்குப் பணமுடை, பின்பகுதியை நிறுத்திக்கொண்டார்கள். அச்சான பகுதியே போதுமானதாக இருந்தது. 1916 மார்ச்சில் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் ராமானுஜனுக்கு ஆராய்ச்சி வழியாக பி.ஏ. பட்டம் கொடுத்தது, அதற்கு ஆதாரமாக நின்றது இந்தக் கட்டுரை. எஃப்.ஏ. தேறாதவர் வாங்கிய முதல் பட்டத்துக்குப் பின்னால் இருந்தது இந்த வகுத்திக் கணக்குதான். 1918-இல் ராயல் சொசைட்டி உறுப்பினர், டிரினிட்டி ஃபெல்லோ. 1919-இல் நோயோடு ஊர் திரும்பினார். 1920 ஏப்ரல் 26-இல் சென்னை சேத்துப்பட்டில் காலமானார். வயது 32.

விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தவர்களில் ஒருவர் நம் பக்கத்துக்காரர். ராஜபாளையத்திலிருந்து தெற்கே சிவகிரி, புளியங்குடி, கடையநல்லூர், தென்காசி என்று போனால் குற்றாலம். அதனருகே வல்லம் என்ற ஊரில் 1901-இல் பிறந்தவர் எஸ்.எஸ். பிள்ளை, சுப்பையா சிவசங்கரநாராயண பிள்ளை. செங்கோட்டையில் பள்ளிப் படிப்பு, நாகர்கோவிலிலும் திருவனந்தபுரத்திலும் கல்லூரிப் படிப்பு. பிறகு சென்னையில் ஆனந்த ராவிடம் ஆராய்ச்சி பயின்றார். ஆனந்த ராவ், ராமானுஜன் கேம்பிரிட்ஜில் இருந்த அதே காலத்தில் அங்கே படித்தவர். எந்த எண்ணையும் சில ஆறாம் அடுக்குகளின் கூட்டலாக எழுத 73 போதும் என்று 1940-இல் நிறுவி உலகப் புகழ் பெற்றார் பிள்ளை.

வகுத்திகளின் எண்ணிக்கையைப் பார்த்தார் ராமானுஜன். வகுத்திகளின் கூட்டுத்தொகையைப் பார்த்தால் என்ன என்று கேட்டார் பிள்ளை. 60-இன் வகுத்திகளையெல்லாம் கூட்டினால் 168. அதற்குக் கீழே எந்த எண்ணின் கூட்டுத்தொகையும் அதை எட்டாது. இப்படிப்பட்ட எண்களைப் பற்றிக் கல்கத்தாக் கணிதச் சங்க இதழில் 1943-இல் எழுதினார். அடுத்த ஆண்டு உயர் பகு எண்களைப் பொதுமைப்படுத்தி இந்தியக் கணிதச் சங்க இதழில் எழுதினார். அதே 1944-இல் அமெரிக்காவில் அலாவோக்லு, எர்டிஷ் என்ற இருவர் இதே திசையில் கட்டுரை எழுதினார்கள். மூவரும் தேடிய பாதையில் ராமானுஜன் முன்பே நடந்திருந்தார். அச்சேறாத அந்தப் பகுதி வெளியே தெரியாததால் யாருக்கும் அது தெரியவில்லை. பிள்ளை 1950 ஆகஸ்ட் 31-இல், அமெரிக்காவில் நடக்கவிருந்த உலகக் கணித மாநாட்டுக்குப் போகும் வழியில் கெய்ரோ அருகே விமான விபத்தில் இறந்தார்.

மறுபடியும் 5040

1976-இல் ஜார்ஜ் ஆண்ட்ரூஸ் என்ற அமெரிக்கர் டிரினிட்டி நூலகத்தில் ராமானுஜனின் 'தொலைந்த குறிப்பேட்டை'க் கண்டெடுத்தார். அது 1988-இல் நகலச்சு நூலாக வந்தபோது, உயர் பகு எண் கட்டுரையின் அச்சேறாத பகுதியும் அதில் இடம்பெற்றது. 1997-இல் 'ராமானுஜன் ஜர்னல்' என்ற இதழின் முதல் தொகுதியில், நிக்கோலா, ராபின் என்ற பிரெஞ்சுக் கணிதர்கள் விளக்கக் குறிப்புகளோடு அதைப் பதிப்பித்தார்கள். எழுதி எண்பது ஆண்டுகளுக்குப் பிறகு கட்டுரை முழுமையடைந்தது.

இந்த ராபின் 1984-இல் வேறொன்று நிறுவியிருந்தார். 1859-இல் ரீமான் முன்வைத்த கருதுகோள் கணிதத்தின் மிகப் பெரிய தீராப் புதிர்களில் ஒன்று. ஓர் எண்ணின் வகுத்திகளைக் கூட்டினால் வரும் தொகை, அந்த எண்ணைப் பொறுத்து அமையும் ஓர் எல்லையைத் தாண்டாது என்று ஒரு சமனின்மை உண்டு. 5040-ஐவிடப் பெரிய எல்லா எண்களுக்கும் அந்தச் சமனின்மை செல்லுபடியானால் ரீமான் கருதுகோள் சரி; ஒரே ஓர் எண் மீறினாலும் தவறு. 5040 வரை மீறும் எண்கள் 27 உண்டு. அவற்றில் மிகப் பெரியது 5040. அதன் வகுத்திகளைக் கூட்டினால் 19,344 வருகிறது. எல்லையோ 19,240-ஐ எட்டவில்லை. மேலே போகப் போக மீறும் எண் ஒன்றாவது கிடைக்குமா என்ற கேள்வி இன்றும் திறந்தே கிடக்கிறது. இதன் முன்வடிவம் அச்சேறாத பகுதியில் இருந்தது: ரீமான் கருதுகோள் சரியென்று வைத்துக்கொண்டால், போதுமான அளவு பெரிய எல்லா எண்களும் அந்த எல்லைக்குள் நிற்கும் என்று ராமானுஜன் காட்டியிருந்தார். டஜனில் தொடங்குகிற வகுத்திக் கணக்கு இங்கே வந்து நிற்கிறது.

கனவும் கணக்கும்

குலதெய்வமான நாமகிரித் தாயார் கனவில் வந்து சூத்திரங்களைக் காட்டினாள் என்று ராமானுஜன் சொன்னதாக ஒரு செய்தி உண்டு. அவர் பக்தி அவருடையது. அதில் நமக்கு வழக்கில்லை. ஆனால் பள்ளி விழாக்களிலும் பட்டிமன்றங்களிலும் அது ஒன்றையே திரும்பத் திரும்பச் சொல்லி, கணக்கு என்பது கனவில் வருகிறவர்களுக்குத்தான் வரும் என்ற எண்ணத்தைப் பிள்ளைகள் மனத்தில் விதைத்துவிட்டோம். கனவில் காட்டப்பட்ட பட்டியலில் எண் விடுபடாது. கையால் போட்ட பட்டியலில் விடுபடும். 2,93,31,86,25,600 இல்லாத அந்த இடம் ராமானுஜனுக்குக் குறையாகாது. 102 எண்களையும் அவர் ஒவ்வொன்றாகப் போராடிப் பிடித்தார் என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி கிடையாது.

டிசம்பர் 22 அவர் பிறந்த நாள். தேசிய கணித தினம். செட்டியார்பட்டியிலிருந்து செங்கோட்டை வரை உள்ள கணக்கு ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். அன்றைக்கு மாலை போட்டுப் படம் எடுத்த பிறகு, கரும்பலகையில் 2-ஐ ஆறு முறை, 3-ஐ நான்கு முறை, 5-ஐயும் 7-ஐயும் இரண்டு இரண்டு முறை, 11 முதல் 23 வரையுள்ள பகா எண்கள் ஒவ்வொன்றையும் ஒரு முறை எழுதுங்கள். பிள்ளைகளைக் கால்குலேட்டர் இல்லாமல் பெருக்கச் சொல்லுங்கள். பாதியில் யாருக்காவது தப்பு வந்தால் திட்டாதீர்கள். மறுபடி போடச் சொல்லுங்கள். ராமானுஜனும் அப்படித்தான் கணக்குப் போட்டார்.